எட்டுத் தட்டு, ஒரே பந்தி

வாசகி கேட்டது: "கோத்தகிரியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்த எட்டுப் பேர் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அடுத்த மாதம் சந்திக்கிறோம். துபாயில் வேலை பார்க்கும் நண்பன், ஊட்டியில் ஒரு பெரிய ஓட்டலுக்குள், தடித்த இறைச்சித் துண்டுகளைச் சுட்டுத் தரும் ஸ்டேக் உணவகத்தில் சனிக்கிழமை இரவு சாப்பிடலாம் என்கிறான். மேசை பதிவு செய்வதிலிருந்து எல்லாம் என் பொறுப்பு. எங்களில் ஒருத்தி சைவம். ஒருவன் படுகர், மாட்டிறைச்சி தொடமாட்டான். இன்னொருவன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அந்த ஓட்டலில் ஒரு தட்டின் விலை அவனுக்கு நான்கைந்து நாள் கூலி. நானே இதுவரை ஸ்டேக் சாப்பிட்டதில்லை. மெனுவில் பாதி புரியவில்லை. எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்களாமே, அதற்கு என்ன சொல்வது? யாரும் சங்கடப்படாமல் இந்த விருந்தை எப்படி நடத்துவது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஸ்டேக்கைப் பற்றி அதில் இரண்டு மூன்று வரிதான் இருக்கிறது. மற்றதெல்லாம் நண்பர்களைப் பற்றிய கவலை. முப்பத்தொரு ஆண்டுகள் ஓட்டல் சமையலறைகளில் நின்றவன் நான். அதில் பாதிக்கு மேல் இதே நீலகிரியில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தப் பொறுப்பு சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது.

நம் கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். மாவட்ட ஆட்சியர் வந்தாலும் மாடு மேய்ப்பவர் வந்தாலும் இலை ஒன்றுதான். என்ன விலை, எவ்வளவு எடை, எப்படி வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கடைசி ஆள் மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடிக்கும் வரை முதல் ஆள் எழுவதில்லை. ஸ்டேக் உணவகத்தில் இது அப்படியே தலைகீழ். ஒவ்வொருவரும் தனியாக மெனுவைப் பிடித்துக்கொண்டு, தனியாக விலை பார்த்து, தனியாகச் சொல்லி, தனித்தட்டில் சாப்பிட வேண்டும். ஒருவருடைய அறியாமையும் ஒருவருடைய சட்டைப்பையும் எட்டுப் பேர் முன்னால் வெளிச்சத்துக்கு வந்துவிடும். நீங்கள் பயப்படுகிற சங்கடங்கள் எல்லாம் இந்தத் தனித்தட்டிலிருந்துதான் முளைக்கின்றன.

அதனால் தட்டு தனியாக இருக்கட்டும், பந்தியை நீங்கள் முன்னதாகவே போட்டுவிடுங்கள். உணவகத்துக்கு நான்கைந்து நாள் முன்பே தொலைபேசியில் பேசி, எட்டுப் பேருக்கும் ஒரு தலைக்கு இன்ன தொகை என்று நிலையான மெனு ஒன்றை முடிவு செய்யுங்கள். ஒரு சூப், ஒரு தொடக்க உணவு, முக்கிய உணவில் மூன்று தேர்வு, ஒரு இனிப்பு. இதை ஒரு தாளில் அச்சிட்டு, விலை போடாமல், ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். நல்ல ஓட்டல்கள் எல்லாம் இதைச் செய்து தரும். குழுவாக வருபவர்களுக்கு இது வழக்கமான ஏற்பாடு. சமையலறைக்கும் இதனால் வேலை எளிது. தொழிற்சாலை நண்பர் அந்தத் தாளைப் பார்க்கும்போது வலதுபக்கம் விலை இருக்காது. அவர் தனக்குப் பிடித்ததைச் சொல்வார். மற்ற நாட்களில் அவர் என்ன சொல்லியிருப்பார் தெரியுமா? "எனக்குப் பசியில்லை, ஒரு சூப் போதும்." இந்த வாக்கியத்தை எத்தனையோ மேசைகளிலிருந்து பரிமாறும் பையன்கள் சமையலறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

முடிந்தால் இரவு விருந்தை மதிய விருந்தாக மாற்றுங்கள். ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்கு முப்பது கிலோமீட்டர். தொட்டபெட்டாவைத் தாண்டியதும் மாலைக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. தேயிலைத் தோட்டத்து வளைவுகளில் காட்டெருமை நிற்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாராவது ஒரு கிளாஸ் வைன் குடித்திருந்தால் அந்தச் சாலையில் அவர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. சனிக்கிழமை இரவு அந்த உணவகத்தில் சுற்றுலாப் பயணிகள் நிரம்பியிருப்பார்கள், கறி சுடும் கிரில்லில் இடமிருக்காது. மதியம் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தால் ஜன்னல் ஓரம் வெயில் இருக்கும், சமையல்காரருக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்கும், நான்கு மணி வரை பழங்கதை பேசலாம். வெளிமாவட்டப் பதிவெண் வண்டியில் வருகிற நண்பர்களிடம் இ-பாஸ் எடுத்தாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். கல்லாறு சோதனைச் சாவடியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் சிரித்த முகத்தோடு மேசைக்கு வரமாட்டார்.

இனி மாட்டிறைச்சி விஷயம். இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன், அதனால் சற்று நீட்டியே சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஓட்டலில் பன்னிரண்டு பேர் விருந்து. அழைத்தவரே எல்லோருக்கும் மிளகு ஸ்டேக் என்று சொல்லிவிட்டார். விருந்தினர்களில் தோடர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. தட்டு வந்ததும் அவர் தணிந்த குரலில், "இது என்ன கறி?" என்று கேட்டிருக்கிறார். சமவெளியிலிருந்து புதிதாக வந்த பரிமாறும் பையன், நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பசு இல்லைங்க ஐயா, எருமைதான்" என்றான். தோடர்களுக்கு எருமை எப்படிப்பட்டது என்பது இந்த மலையில் பிறந்த உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய கோயிலே எருமைப் பால் காய்ச்சும் பால்மடம்தான். மரபாக அவர்கள் இறைச்சியே உண்பதில்லை. அந்தப் பெரியவர் ஒரு சொல் பேசவில்லை. கத்தியையும் முள்கரண்டியையும் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, விருந்து முடியும் வரை தண்ணீர் மட்டும் குடித்தபடி உட்கார்ந்திருந்தார். அழைத்தவரின் மனம் கோணக்கூடாது என்று எழாமல் இருந்தார். செய்தி கேட்டு நான் வெளியே வந்து மன்னிப்புக் கேட்டபோது, "உங்களுக்குத் தெரியாதுதானே" என்றார். தெரிந்துகொள்ள வேண்டியது என் வேலை. அன்றிலிருந்து குழுவாக யார் வந்தாலும், யார் எதைத் தொடமாட்டார்கள் என்று எழுதி வாங்காமல் நான் அடுப்பு பற்ற வைத்ததில்லை.

தமிழ்நாட்டில் ஸ்டேக் என்று மெனுவில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் எருமையாகவோ காளையாகவோதான் இருக்கும். பல ஓட்டல்கள் மெனுவில் 'டெண்டர்லாயின்' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். டெண்டர்லாயின் என்பது உடலில் ஓர் இடத்தின் பெயர். எந்த விலங்கு என்பதை அது சொல்லாது. ஆகவே நேராகக் கேளுங்கள்: எந்த விலங்கின் இறைச்சி? ஆட்டுக்கறியும் மீனும் அதே கிரில்லில்தான் சுடப்படுகிறதா? உங்கள் படுகர் நண்பருக்கு எருமை என்றாலும் மாடு என்றாலும் பதில் ஒன்றுதான். பெரும்பாலான படுகர் வீடுகளில் ஆடும் கோழியும் உண்டு, மாடு கிடையாது. அவருக்கு ஆட்டு விலா எலும்போடு சேர்ந்த சாப்ஸ் ஏற்பாடு செய்யுங்கள். அதற்கும் அதே கனமான கத்தி வரும், எவ்வளவு வேக வேண்டும் என்று அவரிடமும் கேட்பார்கள், அதே சூடான தட்டில் வரும். "அவருக்கு ஒரு சிக்கன் சாண்ட்விச்" என்று ஒதுக்கிவிட்டால் அவர் பந்தியை விட்டு வெளியே உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். ஆட்டைத் தனி வாணலியில் சுடச் சொல்லுங்கள், சொன்னால் செய்வார்கள்.

சைவத் தோழிக்கு இன்னும் கவனம் வேண்டும். ஸ்டேக் உணவகத்தில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் இடங்கள் பல. காளான் சூப்புக்கு அடிநீராக எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றியிருக்கலாம். மசித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றும் பழுப்புக் குழம்பு இறைச்சிச் சாறுதான். வூஸ்டர் சாஸிலும் சீசர் சாலட்டின் சாஸிலும் நெத்திலி வகை மீன் சேரும். இத்தாலியப் பர்மேசான் சீஸை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதி பயன்படுகிறது. இந்த ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அவருக்கான முக்கிய உணவை நம் மலைக் காய்களை வைத்தே செய்யச் சொல்லலாம். ஊட்டி உருளைக்கிழங்கும் கேரட்டும் பீட்ரூட்டும் வந்த வரலாறும் இந்த ஸ்டேக் வந்த வரலாறும் ஒன்றுதான். 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்தார். அதற்குப் பிறகு குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் தட்டில் இறைச்சிக்குப் பக்கத்தில் எது இருந்ததோ அதையெல்லாம் இங்கே விதைத்தார்கள். இன்று அந்தக் காய்கள் நம்முடையவை. முழு பீட்ரூட்டை உப்புப் படுக்கையில் வைத்து ஒன்றரை மணி நேரம் சுட்டு, தடியாக வெட்டி, வெண்ணெயில் ஓரம் கருக வாட்டிக் கொடுத்தால் அதை வெட்டவும் கத்தி வேண்டும். நான் பல முறை செய்து கொடுத்திருக்கிறேன், இறைச்சி சாப்பிடுகிறவர்களும் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். ஆனால் நேரம் பிடிக்கும் சமையல், வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் நடக்காது.

இப்போது உங்களுக்கு வருகிறேன்.

ஸ்டேக் என்பது தசை நாருக்குக் குறுக்கே தடியாக வெட்டிய இறைச்சித் துண்டை அதிக நெருப்பில் கொஞ்ச நேரம் சுடுவது, அவ்வளவே. நம் வீட்டுக் கறிக்குழம்பில் கடினமான கறியையும் ஒன்றரை மணி நேரம் வேகவிட்டுப் பஞ்சாக்கிவிடலாம். இங்கே அந்த அவகாசம் கிடையாது. கறி பிறவியிலேயே மென்மையாக இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டையோ எருமையையோதான் அறுக்க அனுமதி. வயதான விலங்கின் தசை இறுகியிருக்கும். அதனால்தான் நம் ஊர் ஸ்டேக் உணவகங்கள் டெண்டர்லாயினையே பெரிதும் நம்பியிருக்கின்றன. கசாப்புக் கடையில் அண்டர்கட் என்று கேட்டால் தருவதும் இதுதான். முதுகெலும்பின் உட்புறம் ஒட்டிக் கிடக்கும் இந்தச் சதைக்கு உழுவதிலும் இழுப்பதிலும் அதிகப் பங்கில்லை. எனவே எந்த வயதிலும் ஓரளவு மென்மையாக இருக்கும். ஒரு விலங்கில் சில கிலோதான் தேறும். விலைக்கு அதுவும் ஒரு காரணம். ரிப் ஐ என்று இருந்தால் அது விலாப்பகுதி, இடையிடையே கொழுப்பு ஓடும், சுவை அதிகம், மெல்லவும் அதிகம் வேண்டும். முதல் முறை சாப்பிடும் நீங்கள் டெண்டர்லாயின் சொல்லுங்கள். மெனுவில் 200 கிராம் என்று இருந்தால் அது பச்சைக் கறியின் எடை. சுட்டபின் கால் பங்கு வரை குறைந்துதான் தட்டுக்கு வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நண்பர்கள் யாராவது பேச்செடுத்தால் இதைச் சொல்லுங்கள்.

எவ்வளவு வேக வேண்டும் என்ற கேள்விக்கு ஐந்து பதில்கள் உண்டு. ரேர் என்றால் நடுப்பகுதி சுமார் 50 டிகிரி செல்சியஸ், உள்ளே குளிர்ந்த சிவப்பு. மீடியம் ரேர் 55, வெதுவெதுப்பான சிவப்பு. மீடியம் 60ஐ ஒட்டி, இளஞ்சிவப்பு. மீடியம் வெல் 65ஐத் தாண்டி, நடுவில் ஒரு கோடு மட்டும் நிறம். வெல் டன் 70க்கு மேல், முழுக்கப் பழுப்பு. வெட்டும்போது வடியும் சிவப்பு நீர் இரத்தம் என்று பலர் தட்டைத் தள்ளிவிடுவார்கள். இரத்தம் அறுத்த இடத்திலேயே வடிந்துவிடும். தட்டில் இருப்பது தசைக்குள் பிராணவாயுவைத் தேக்கிவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். உங்களுக்கு என் பரிந்துரை மீடியம். அந்த நிறமும் ஒவ்வாது என்றால் தயங்காமல் வெல் டன் கேளுங்கள். அப்படிக் கேட்பவரை ஏளனமாகப் பார்க்கும் சமையல்காரர்களை நான் பார்த்திருக்கிறேன், என் சமையலறையில் அதற்கு இடம் கொடுத்ததில்லை. நன்றாக வெந்த கறியைத் தின்று வளர்ந்த நாக்கு நமது, அதில் குறை ஏதும் இல்லை. வெல் டன் கேட்பவர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும்: "நடுவில் பிளந்து விரித்துச் சுடுங்கள்." தடித்துண்டை அப்படியே முழுக்க வேகவிட்டால் வெளிப்பக்கம் தோலாகிவிடும். விரித்துவிட்டால் சீக்கிரம் வெந்து, சாறு கொஞ்சமாவது மிஞ்சும்.

முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், அந்த மேற்பரப்பு நெருப்பில் படுகிறது. அதனால்தான் உள்ளே சிவப்பாகச் சாப்பிட முடிகிறது. கொத்திய கறிக்கு இது பொருந்தாது. பர்கர் சொல்பவர் யாராக இருந்தாலும் முழுக்க வெந்ததைத்தான் சாப்பிட வேண்டும். உங்கள் எட்டுப் பேரில் யாராவது கர்ப்பமாக இருந்தாலோ, உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவராக இருந்தாலோ, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தாலோ, அவருக்கு வெல் டன் தவிர வேறு பேச்சே வேண்டாம்.

எட்டுப் பேரும் எட்டு விதமாகச் சொன்னால் சமையலறையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பரிமாறும் பையனிடம் கோபம் வராது. நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டு ரேர் ஆக எட்டு நிமிடம் போதும். வெல் டன் ஆக இருபது நிமிடம் வரை ஆகும். சுட்ட பிறகு ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவைக்க வேண்டும், அப்போதுதான் வெட்டியதும் சாறெல்லாம் தட்டில் ஓடாது. ஓரத்தைக் கருகச் சுட்டால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொல்வார். அது சரியல்ல என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஓரம் கருகுவது மணத்துக்காக. 140 டிகிரிக்கு மேல் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து புதிய மணங்களாக மாறுவதை 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மையார் விளக்கினார், நம் வீட்டு வெங்காயம் பொன்னிறமாகும்போது வரும் மணத்திலும் அதற்குப் பங்குண்டு. ஆக, எட்டுத் தட்டும் ஒரே நேரத்தில் மேசைக்கு வர வேண்டுமானால் வெல் டன் துண்டை முதலில் நெருப்பில் வைத்து, ரேர் துண்டைக் கடைசியில் வைக்க வேண்டும். இதற்கு எட்டுப் பேரும் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்க வேண்டும். இரண்டு பேர் "பிறகு சொல்கிறோம்" என்று போனில் பேசிக்கொண்டிருந்தால் ஆறு தட்டு ஆறிப்போகும். எனவே விலை போடாத அந்த மெனுவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, யாருக்கு எது, எவ்வளவு வேக்காடு என்பதை முந்தைய நாளே வாங்கி, ஒரே சீட்டாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெயர், உணவு, வேக்காடு. எனக்கு அப்படி ஒரு சீட்டு வந்த நாட்களில் ஒரு தட்டுகூடத் தவறியதில்லை.

ஊட்டியின் உயரம் இதில் ஒரு வேலை செய்கிறது. 2,240 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. உருளைக்கிழங்கு வேக இங்கே கூடுதல் நேரம் ஆவது அதனால்தான். இரும்புச் சட்டியின் சூட்டுக்கு அந்தத் தடை இல்லை, ஸ்டேக் இங்கேயும் சென்னையிலும் ஒரே மாதிரிதான் சுடும். குளிர்தான் எதிரி. டிசம்பர், ஜனவரியில் குளிர்ந்த தட்டில் வைத்த ஸ்டேக் ஐந்து நிமிடத்தில் கொழுப்பு உறைந்து ருசி கெட்டுவிடும். தட்டைச் சூடு செய்து கொண்டுவரச் சொல்லுங்கள், கணப்புக்குப் பக்கத்து மேசையைக் கேளுங்கள். சிலர் குளிருக்கு இதம் என்று சிஸ்லர் கேட்பார்கள். புகையும் இரும்புத் தட்டில் வரும் அது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தட்டு மேசையிலும் சுட்டுக்கொண்டே இருக்கும். மீடியம் என்று கேட்டது பாதி சாப்பிடுவதற்குள் வெல் டன் ஆகிவிடும்.

கத்தி, முள்கரண்டியைப் பற்றியும் பயம் வேண்டாம். வலது கையில் கத்தி, இடது கையில் முள்கரண்டி, ஒரு நேரத்தில் ஒரு துண்டு மட்டும் வெட்டுங்கள். எல்லாவற்றையும் முதலிலேயே துண்டு போட்டால் ஆறிவிடும். வராது என்று தோன்றினால், "சமையலறையிலேயே வெட்டிக் கொண்டுவாருங்கள்" என்று கேட்கலாம். பெரிய துண்டைச் சமையல்காரரே நாருக்குக் குறுக்கே வெட்டிப் பலகையில் அடுக்கி நடுவில் வைப்பது உயர்ந்த உணவகங்களில் உள்ள வழக்கம்தான். உங்கள் குழுவுக்கு இதையே நான் விரும்புவேன். மாட்டிறைச்சி சாப்பிடும் ஆறு பேருக்கு இரண்டு பெரிய துண்டுகள், ஒன்று மீடியம், ஒன்று முழுக்க வெந்தது. இரண்டும் மேசை நடுவில். யார் வேண்டுமானாலும் இரண்டிலும் எடுத்துச் சுவைத்துப் பார்க்கலாம். ஆட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் அதே போலப் பலகை, தனி இடுக்கியோடு.

பணம். துபாய் நண்பரிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டும், குழுவில் எழுதக் கூடாது. "எட்டாகப் பிரித்தால் எல்லோருக்கும் தாங்காது. நீ கொடுப்பதாக இருந்தால் இப்போதே சொல், இல்லை என்றால் இடத்தை மாற்றுகிறேன்" என்று நேராகக் கேளுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர், இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அவர் கொடுக்கிறார் என்றால் விருந்து நாளன்று மேசைக்குப் பில் வரவே கூடாது. முன்பணமாகவோ, சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போயோ அவர் கட்டிவிட வேண்டும். எட்டுப் பேர் பார்க்க அட்டையை நீட்டுவது வேண்டாம். அவர் தயங்கினால் மதிய மெனுவுக்குச் சிக்கனமான தொகை ஒன்றைப் பேசுங்கள், மதுவை அதில் சேர்க்காமல் குடிப்பவர்கள் கணக்கில் தனிப் பில்லாகப் போடச் சொல்லுங்கள். குடிக்காதவர் குடித்தவரின் பில்லைச் சுமப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. தொழிற்சாலை நண்பரைக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது அவரைக் காயப்படுத்தும். அவரிடம் வேறொன்றைக் கேளுங்கள். தன் தொழிற்சாலைத் தேயிலையில் எட்டுப் பொட்டலம் கொண்டுவரச் சொல்லுங்கள். வெளியூர் போகிறவர்கள் கையில் கடைசியில் இருக்கப்போவது அதுதான்.

தொகை பேசும்போது வரியைச் சேர்த்துக் கேளுங்கள். தனி உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். எட்டுப் பேர் கணக்கில் இந்த வித்தியாசம் பெரிது. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சேவைக் கட்டணம் பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். எடுத்த பிறகு, நன்றாகக் கவனித்த பையனின் கையில் மனமார ஏதாவது கொடுங்கள். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வந்து, குளிரில் ஓட்டலுக்குப் பின்னால் சிறிய அறையில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகள் அவர்கள்.

தொலைபேசியில் அழைக்க நல்ல நேரம் மதியம் மூன்றரையிலிருந்து ஐந்துக்குள். மதியச் சாப்பாடு முடிந்து இரவு வேலை தொடங்காத இடைவெளி அது. முன்பதிவு எடுக்கும் பெண்ணிடம் தேதியும் எண்ணிக்கையும் சொன்னபிறகு, "செஃப்பிடம் இரண்டு நிமிடம் பேச வேண்டும்" என்று கேளுங்கள். பெரும்பாலும் வருவார். அவரிடம் முதலில் படுகர் நண்பரையும் சைவத் தோழியையும் பற்றிச் சொல்லுங்கள், ஸ்டேக்கைப் பற்றி அதற்குப் பிறகு.